நகை, அச்சம், இழவு: 'ஹேப்பி டெத் டே' திரைப்படத்தின் காலச்சுழலும் மெய்ப்பாட்டு மாற்றமும்

முன்னுரை

அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி தன் பிறந்தநாள் இரவில், முகமூடியணிந்த ஒருவரால் கொல்லப்படுகிறாள். உயிர் பிரிந்த அக்கணமே அதே பிறந்தநாளின் காலையில் கண்விழிக்கிறாள். மீண்டும் பகல் கழிகிறது; மீண்டும் கொலை நிகழ்கிறது; மீண்டும் அதே காலை புலர்கிறது. 2017ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹேப்பி டெத் டே' என்னும் திரைப்படத்தின் கதை இவ்வளவே.

முதல் கொலையின்போது திரையரங்கு அஞ்சுகிறது. அடுத்தடுத்த கொலைகளின்போது அதே அரங்கு சிரிக்கிறது. கொல்லப்படுபவள் மாறவில்லை, கொலைகாரரின் கத்தியும் மழுங்கவில்லை. எனில் அச்சம் நகையாக மாறியது எவ்வாறு? இளம்பெண் ஒருத்தியின் சாவைத் திரும்பத் திரும்பக் கண்டு சிரிப்பது தகுமா? முதல் வினா அழகியல் சார்ந்தது. இரண்டாவது அறம் சார்ந்தது. ஒன்றை விலக்கிவிட்டு மற்றொன்றுக்கு விடை காண இயலாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இவ்வினாக்களை ஆராய்வதற்குத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் இங்குத் துணைக்கொள்ளப்படுகிறது. அமெரிக்க வணிகத் திரைப்படம் ஒன்றன்மீது தமிழிலக்கண முத்திரையைக் குத்துவது இதன் நோக்கமன்று. உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதையும், ஒவ்வோர் உணர்வும் இன்னின்ன நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்பதையும் வகுத்துரைக்கும் அவ்வியல், ஓர் உணர்வு மற்றோர் உணர்வாக மாறும் படைப்பைக் காண ஏற்ற கருவியாகுமா என்று சோதித்துப் பார்ப்பதே நோக்கம். சோதனையில் கருவியின் எல்லையும் புலப்படலாம்.

படமும் அது பிறந்த மரபும்

கிறிஸ்டஃபர் லாண்டன் இயக்கத்தில், ஸ்காட் லோப்டெல் எழுத்தில், ஜேசன் பிளம்மின் பிளம்ஹவுஸ் நிறுவனத் தயாரிப்பில் உருவான இப்படம், 2017 அக்டோபர் 13ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று அமெரிக்காவில் வெளியாயிற்று. பதின்மூன்றாம் நாள் வெள்ளியாக அமைவது தீக்குறி என்னும் மேலைநாட்டு நம்பிக்கை வெளியீட்டு நாளிலேயே பயன்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 48 இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 12 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இக்கதை 2007ஆம் ஆண்டிலேயே 'ஹாஃப் டு டெத்' என்ற பெயரில் படமாக்கத் திட்டமிடப்பட்டுக் கைகூடாமற்போய், பத்தாண்டுகளுக்குப் பின்னரே திரையை அடைந்தது.

இப்படம் இரு மரபுகளின் சந்திப்பில் நிற்கிறது. ஒன்று, ஹெரால்டு ராமிஸ் இயக்கிய 'கிரவுண்ட்ஹாக் டே' (1993) நிலைநிறுத்திய காலச்சுழல் கதை. செருக்குடைய ஒருவன் ஒரே நாளில் சிக்கித் தவித்துப் பண்பட்டு விடுபடுவது அதன் அமைப்பு. மற்றொன்று, ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' (1978), வெஸ் கிரேவனின் 'ஸ்கிரீம்' (1996) ஆகியவற்றின் வழிவந்த 'ஸ்லாஷர்' எனப்படும் தொடர்கொலைக் கதை. முகமூடியணிந்த கொலைகாரர் இளைஞர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொல்ல, இறுதியில் ஒரு பெண் மட்டும் எஞ்சி நின்று எதிர்ப்பது இதன் அமைப்பு.

இவ்வாறு எஞ்சி நிற்கும் பெண்ணைக் கேரல் குளோவர் 'இறுதிப் பெண்' எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். 1992இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. விளையாட்டும் காமமும் மிக்க பெண்கள் முதலில் மடிவதும், விழிப்பும் ஒழுக்கமும் உடையவள் பிழைப்பதும் அக்கதைகளின் வழக்கம். 'ஹேப்பி டெத் டே' செய்யும் முதன்மையான மாற்றம் இங்குள்ளது. இதன் தலைவி ட்ரீ கெல்ப்மன் மது மயக்கத்துடன் அயலான் அறையில் விழிப்பவள், மணமான பேராசிரியர் ஒருவருடன் மறைவான உறவுடையவள், எதிர்ப்படுவோரையெல்லாம் இகழ்பவள். பழைய மரபுப்படி முதலில் சாக வேண்டியவள் அவளே. அவ்வாறே சாகிறாள். ஆயினும் காலச்சுழல் அவளைத் திரும்பத் திரும்ப எழுப்பி, அவளையே இறுதிப் பெண்ணாகவும் ஆக்குகிறது. முதலில் மடிபவளுக்கும் இறுதியில் எஞ்சுபவளுக்கும் இடையே ஸ்லாஷர் மரபு எழுப்பியிருந்த ஒழுக்கச் சுவர் இதனால் சரிகிறது.

அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அச்சம் வருத்தும் தெய்வத்தாலும், கொடிய விலங்காலும், கள்வராலும், தமக்கு இறைவராயினாராலும் பிறக்கும். இந்நான்கும் அஞ்சுபவருக்குப் புறத்தே நிற்பவை; அவரினும் வலியவை; பெரும்பாலும் அவரது அன்றாட வாழ்வின் வட்டத்துக்கு வெளியிலிருந்து வருபவை.

படத்தின் முற்பகுதி இத்தகைய புறத்து அச்சத்தையே கையாள்கிறது. இருளடைந்த சுரங்கவழி, அதன் நடுவே தானாக இசைக்கும் சிறு இசைப்பெட்டி, திடீரெனத் தோன்றும் உருவம் ஆகியன மரபு வழிப்பட்ட உத்திகளே. கொலைகாரராக நெடுநேரம் நம்பவைக்கப்படும் ஜான் டூம்ஸ் பல பெண்களைக் கொன்று பிடிபட்டவன். பல்கலைக்கழக மருத்துவமனையில் காவலுடன் வைக்கப்பட்டிருப்பவன். கல்லறையைக் குறிக்கும் சொல்லே அவன் பெயராக அமைந்திருப்பது கருதத்தக்கது. தொல்காப்பியர் கூறும் கள்வர் என்னும் நிலைக்களனில் அடங்கத்தக்கவன் அவன்.

உண்மைக் கொலைகாரர் அவனல்லன். ட்ரீயுடன் ஒரே அறையில் வாழும் தோழி லோரியே அம்மருத்துவமனையில் தனக்குள்ள பணியைப் பயன்படுத்தி, டூம்ஸைத் தப்பவிட்டுப் பழியை அவன்மேல் சுமத்தத் திட்டமிட்டவள். தெய்வம், விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கிலும் அடங்காத ஐந்தாவது நிலைக்களன் இங்கு வெளிப்படுகிறது. அது அணுக்கம். அஞ்சவேண்டாதவர் என்று நம்பப்பட்டவரே அச்சத்தின் ஊற்றாவது மெய்ப்பாட்டியல் வகைப்பாட்டுக்கு அப்பாற்பட்ட புத்தச்சம். புறத்துக் கள்வனைத் தேடி ஓடுபவள் தன் அறைக்குள் இருப்பவளைக் காணத் தவறுவதே கதையின் முடிச்சு.

கொலைகாரர் அணியும் முகமூடி தனியே ஆராயத்தக்கது. அது கொழுத்த கன்னமும் ஒற்றைப் பல்லும் உடைய ஒரு குழந்தையின் முகம். கதையில் வரும் பேஃபீல்டு பல்கலைக்கழக விளையாட்டு அணியின் அடையாளச் சின்னம் என அதற்குக் கதைக்குள்ளேயே காரணமும் காட்டப்படுகிறது. நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக இளமையைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. குழவியின் செயல் காண்போரைச் சிரிக்கவைப்பது இயல்பு. அவ்விளமையின் முகத்தையே எடுத்து அச்சத்துக்குப் போர்த்துகிறது படம். நகைக்குரிய பொருளைக் கண்டு அஞ்சவைப்பதும், அஞ்சுதற்குரிய நிகழ்வைக் கண்டு நகவைப்பதும் ஆகிய இருவழிப் போக்குவரத்தின் சின்னமாக அம்முகமூடி விளங்குகிறது. பிறந்தநாளில் வரும் சாவுக்குக் குழந்தையின் முகம் அமைந்தது பொருத்தமேயாகும்.

அச்சம் நகையாதல்

முதல் மாற்றம் மருட்கையின் வழியே நிகழ்கிறது. மருட்கைக்குப் புதுமை ஒரு நிலைக்களன். ட்ரீ மருள்வதோ பழமை கண்டு. மணிக்கூண்டின் ஓசை, கைப்பேசியின் பிறந்தநாள் அழைப்பிசை, கையொப்பம் கேட்டு நிற்கும் சூழலியல் ஆர்வலர், புல்வெளியில் திடீரெனப் பீய்ச்சும் நீர், மயங்கி விழும் மாணவன் என நேற்றுக் கண்டவை அனைத்தும் இன்றும் இம்மி பிசகாது நிகழ்கின்றன. மாறாமையே வியப்புக்குரியதாகும் இந்நிலை காலச்சுழல் கதைக்கே உரியது.

மருட்கை தீர்ந்தபின் நகை தொடங்குகிறது. அதற்கு நிலைக்களனாவது எள்ளல். எள்ளல் இருவழிப்பட்டது, ஒருவர் பிறரை எள்ளுவதாலும் நகை பிறக்கும், தாம் எள்ளப்படுவதாலும் பிறக்கும். படத்தின் தொடக்கத்தில் ட்ரீ எல்லோரையும் எள்ளுகிறாள். காலம் அவளைத் திருப்பி எள்ளுகிறது. அவள் சுரங்கவழியைத் தவிர்த்தால் விருந்து நடக்கும் இல்லத்தில் கொலையுண்கிறாள். தன் அறையைத் தாழிட்டு அடைத்துக்கொண்டால் அவ்வறைக்குள்ளேயே கொலையுண்கிறாள். எத்தனை முன்னறிவு இருந்தும் தப்ப இயலாத அவளது பேதைமை நகைக்கு இரண்டாம் நிலைக்களனாகிறது.

இங்குப் படத்தொகுப்பின் பங்கும் குறிப்பிடத்தக்கது. கத்தி பாய்வதற்கும் அவள் படுக்கையில் திடுக்கிட்டு விழிப்பதற்கும் இடையே இடைவெளி இல்லை. பதின்பருவத்தினரும் காணத்தக்கது என்னும் 'பிஜி-13' சான்றுக்கேற்பக் குருதி பெரிதும் மறைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அக்கட்டுப்பாடே கலைக்கு உதவிற்று. சாவின் துன்பம் திரையில் நீளாமல் விழிப்பின் எரிச்சலாக உடனே மாறுவதால், நகை அக்கொலையைப் பற்றியதாகாமல் அதற்குப் பின்வரும் சலிப்பைப் பற்றியதாகிறது. நகைச்சுவை நடிப்பின் தாளத்தை முழுதும் உணர்ந்து ஜெசிகா ரோத் இப்பாத்திரத்தை ஏற்றுள்ளார். ஒரே படுக்கை, ஒரே ஒளி, ஒரே உரையாடல். ஆனால் ஒவ்வொரு விழிப்பிலும் அவர் முகத்தில் திகைப்பு, வெறுப்பு, வீம்பு, களைப்பு, கனிவு என வேறுவேறு மெய்ப்பாடு. மெய்யின்கண் தோன்றுவது மெய்ப்பாடு என்னும் வரையறைக்கு இவ்விழிப்புக் காட்சிகளின் வரிசையே விளக்கமாக அமையும்.

இனி அறத்தின் வினாவுக்கு வரலாம். அரங்கில் எழும் சிரிப்பு ட்ரீயின் சாவைக் கண்டு எழுவதா, அவளுடன் சேர்ந்து எழுவதா? தன்மீது ஐயம் தரக்கூடியோரின் பட்டியலைத் தயாரித்து, ஒருவரையடுத்து ஒருவரைப் பின்தொடர்ந்து, தவறும்போதெல்லாம் செத்து மீளும் விரைவுக் காட்சித் தொகுப்பில் அவளே தன் சாவைத் துச்சமாகக் கருதத் தொடங்குகிறாள். யாரும் நாளை நினைவில் வைத்திருக்கப்போவதில்லை என்ற துணிவில் ஆடையின்றி வளாகத்தைக் கடக்கிறாள். அவள் தன் சாவுக்குத் தானே பார்வையாளராகிவிட்ட நிலை அது. நகும் உரிமை முதலில் அவளுக்கே வழங்கப்பட்டு, பின்னரே பார்வையாளர் அதில் பங்குபெறுகின்றனர்.

அச்சிரிப்பை அப்படியே ஓடவிட்டிருந்தால் இப்படம் வெறும் விளையாட்டாக முடிந்திருக்கும். அவ்விடத்தில்தான் அது தடுத்து நிறுத்தப்படுகிறது. மயங்கி விழும் ட்ரீயை மருத்துவமனையில் சோதிக்கும்போது அவள் உடலுக்குள் பழைய காயங்களின் தழும்புகள் தெரிகின்றன. உயிரோடு இருப்பதே அரிது என்னும் அளவுக்கு அவள் உடல் சிதைந்துள்ளது. நாள் அழிகிறது, உலகம் மறக்கிறது. உடல் மட்டும் எண்ணிக்கை வைத்திருக்கிறது. இதுவரை சிரித்தவை அனைத்தும் உண்மைச் சாவுகளே எனப் பார்வையாளருக்கு அக்காட்சி உணர்த்துகிறது. நகை அச்சத்தை ஒழிக்கவில்லை; ஒத்திவைத்திருந்தது என்பது அப்போது விளங்குகிறது.

படத்தின் உருவாக்கத்தில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்றாகும். முதலில் படமாக்கப்பட்ட முடிவில், சுழலிலிருந்து விடுபட்ட ட்ரீ மருத்துவமனைப் படுக்கையில், தன்னுடன் உறவுகொண்டிருந்த பேராசிரியரின் மனைவியால் கொல்லப்படுகிறாள். முன்னோட்டக் காட்சியில் அம்முடிவைப் பார்வையாளர் ஏற்கவில்லை. எனவே அது மாற்றப்பட்டது. அதுவரையான சாவுகள் அனைத்தையும் சிரித்து ஏற்றவர்கள் கடைசி ஒரு சாவை மறுத்தனர். மீட்சி உண்டு என்ற நம்பிக்கையின்மீதே அவர்களின் சிரிப்பு நின்றது என்பதை இது காட்டுகிறது. மீளாச் சாவுக்கு அவர்கள் சிரிக்கவில்லை, சிரிக்கவும் மாட்டார்கள்.

இழவு என்னும் மையம்

அச்சமும் நகையும் படத்தின் மேற்பரப்பு. அதன் அடியில் ஓடுவது அழுகை. அழுகைக்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்களுள் ஒன்று இழவு, அதாவது உயிரும் பொருளும் ஆகியவற்றை இழத்தல். ட்ரீயின் தாய் மூன்றாண்டுகளுக்கு முன் இறந்தவர். தாய்க்கும் மகளுக்கும் ஒரே பிறந்தநாள். இச்செய்தி தெரிந்தபின் படத்தின் தலைப்பே வேறு பொருள் தருகிறது. பிறந்தநாள் வாழ்த்தின் சொல்லை மாற்றிச் செய்த வேடிக்கை எனத் தோன்றியது, தாயை இழந்த மகளுக்குப் பிறந்தநாள் எவ்வாறிருக்கும் என்பதன் நேரடி வருணனையாகிறது.

இந்நோக்கில் காலச்சுழல் புறத்திலிருந்து வந்த மாயமன்று. ட்ரீ படம் தொடங்கும் முன்னரே சுழலில் இருந்தவள். தந்தையின் அழைப்பை ஏற்காமல், அவருடன் உண்ணச் செல்லாமல், பிறந்தநாளை யாருக்கும் சொல்லாமல் ஒவ்வோராண்டும் அந்நாளைக் கடந்துவிட முயன்றவள். கடக்க விரும்பாத நாளைக் கடக்க முடியாதபடி காலம் நிறுத்திவைக்கிறது. சுழலுக்கான காரணத்தை முதற்படம் கூறாமல் விட்டது குறையன்று. துயரத்துக்கு அறிவியல் விளக்கம் தேவையில்லை.

ஆண்டுதோறும் ஒரு நாளைக் குறித்து நீத்தாரை நினைந்து உணவு படைக்கும் வழக்கம் தமிழர் வாழ்வில் திதியாகவும் நினைவுநாளாகவும் நிலைபெற்றுள்ளது. துயரத்துக்கு ஒரு நாளையும் ஒரு செயலையும் ஒதுக்கி, ஏனைய நாட்களை வாழ்வுக்கு விடுவிப்பது அச்சடங்கின் பயன். ட்ரீக்கு அத்தகைய சடங்கு எதுவும் இல்லை. எனவே துயரம் எல்லா நாட்களிலும் சினமாகவும் இகழ்ச்சியாகவும் பரவிக்கிடக்கிறது. அவள் இறுதியில் தந்தையுடன் அமர்ந்து உண்ணும் காட்சி அவளாகவே கண்டெடுத்த சடங்கு. தாயின் நினைவிலிருந்தும் தந்தையிடமிருந்தும் தான் ஒளிந்துகொண்டிருந்ததை அவள் அங்கு ஒப்புக்கொள்கிறாள். அந்த உணவுமேசைக் காட்சியில் கொலையும் இல்லை, முகமூடியும் இல்லை, நகைச்சுவையும் இல்லை. படம் முழுதும் சுழன்று வந்து சேருமிடம் அதுவே.

2019ஆம் ஆண்டு வெளிவந்த தொடர்ச்சி 'ஹேப்பி டெத் டே 2யு' இக்கருத்தை உறுதிப்படுத்துகிறது. மாணவர்கள் உருவாக்கிய குவாண்டம் கருவியே சுழலுக்குக் காரணம் என அப்படம் விளக்க முற்படுகிறது. அவ்விளக்கம் முதற்படத்தின் மறைபொருளைக் கலைத்தாலும், அடுத்து அது அமைக்கும் சூழல் வலிமையானது. தாய் உயிருடன் இருக்கும் மற்றோர் உலகில் ட்ரீ விழிக்கிறாள். அங்கே தங்குவதா, தாயில்லாத தன் உலகுக்குத் திரும்புவதா எனத் தேர்ந்தெடுக்க நேர்கிறது. அவள் திரும்புகிறாள். இழவை ஏற்பதே சுழலை முடிக்கும் வழி என்னும் முதற்படத்தின் உட்பொருள் இங்கு வெளிப்படையாகிறது.

நன்மையும் அறிதலும்

'கிரவுண்ட்ஹாக் டே' படத்தில் தலைவன் நல்லவனாவது சுழல் உடைவதற்குப் போதுமானது. 'ஹேப்பி டெத் டே' அவ்வறக்கணக்கை ஏற்கவில்லை. இவ்வேறுபாடு போதிய கவனம் பெறவேண்டிய ஒன்று.

தன் அறையில் விழிக்க இடம் தந்த கார்ட்டர் டேவிஸ் என்னும் மாணவன் ஒரு சுழற்சியில் ட்ரீயைக் காக்க முனைந்து டூம்ஸால் கொல்லப்படுகிறான். அவ்விரவில் அவள் டூம்ஸைக் கொன்று பிழைத்துக்கொள்ள வழியிருந்தது. பிழைத்தால் கார்ட்டர் மீளமாட்டான். அதனால் அவள் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டு நாளைத் திரும்பத் தொடங்குகிறாள். பெருமிதத்தின் நிலைக்களன்களாக எண்ணப்படும் தறுகண்மையும் கொடையும் அங்கு ஒருங்கே தோன்றுகின்றன. அதுவரை அவளுக்கு நேர்ந்த சாவு, அப்போதுதான் அவள் பிறருக்காக ஏற்கும் சாவாகிறது. நகைப்படமாகத் தொடங்கியது அவ்விடத்தில் நகையை முற்றிலும் துறக்கிறது.

அடுத்த நாளில் அவள் முற்றிலும் மாறியவள். கையொப்பம் இடுகிறாள், மயங்கி விழும் மாணவனைத் தாங்குகிறாள், தன் இயல்பை மறைத்து வாழும் ஓரினவிருப்புடைய இளைஞனுக்குத் துணிவூட்டுகிறாள், தந்தையைச் சந்திக்கிறாள், இரவில் டூம்ஸையும் வீழ்த்துகிறாள். இறுதியில், லோரி அன்புடன் செய்து தந்ததாக நம்பப்படும் சிறு கேக்கை உண்டு பிறந்தநாளைக் கொண்டாடுகிறாள். மீண்டும் அதே காலையில் விழிக்கிறாள். கேக்கில் நஞ்சு இருந்தது.

இத்திருப்பத்தின் கூர்மை பின்னோக்கிப் பார்க்கும்போதே புலனாகும். முதல் நாள் தொட்டு லோரி நீட்டிய கேக்கை ட்ரீ இகழ்ச்சியுடன் எறிந்துவந்தாள். பண்பற்ற அச்செயலே அவளை நஞ்சிலிருந்து காத்துவந்தது. நஞ்சு தப்பியதாலேயே லோரி முகமூடியையும் கத்தியையும் நாட நேர்ந்தது. பண்பட்ட நாளில் நன்றியுடன் உண்டது அவளைக் கொன்றது. நல்லவராவது வேறு, உண்மையை அறிவது வேறு. முன்னது பின்னதை உறுதிசெய்யாது என்பதே இங்குப் பெறப்படும் பொருள். பதின்பருவத்தினருக்கான படங்கள் பெரும்பாலும் நல்லவராக இருந்தால் நன்மை விளையும் என்ற எளிய பாடத்தோடு நின்றுவிடும். இப்படம் அப்பாடத்தைச் சொல்லி முடித்த அடுத்த நிமிடமே அதைக் கேள்விக்குள்ளாக்குகிறது. தலைவி நன்மையையும் இழக்காமல் ஐயத்தையும் கற்கவேண்டியிருக்கிறது.

குறைகள்

இத்துணைச் சிறப்பினும் படத்தின் குறைகள் சிறியன அல்ல. லோரியின் கொலைவெறிக்குக் காட்டப்படும் காரணம், பேராசிரியர் கிரகரி பட்லர் தன்னை விடுத்து ட்ரீயை நாடினார் என்ற பொறாமை. ஓர் ஆணுக்காக ஒரு பெண் மற்றொரு பெண்ணைக் கொல்வது பழைய வாய்பாடு. இறுதிப் பெண் பற்றிய மரபை உடைத்த படம், கொலைகாரியின் உள்ளத்தைத் தீட்டும்போது அதினும் பழைய மரபுக்குத் திரும்பிவிடுகிறது. அணுக்கம் அச்சமாவது எவ்வாறு என்ற வளமான வினா ஓரிரு வசனங்களில் தீர்க்கப்பட்டுவிடுகிறது.

பேராசிரியர் பெறும் நடத்துமுறை இன்னும் கருதத்தக்கது. தம் மாணவியுடன் உறவுகொண்டு ஆசிரியப் பொறுப்பைப் பிறழ்ந்தவர் அவரே. ட்ரீ அவ்வுறவைத் துண்டிப்பது அவளது ஒழுக்கத் திருத்தமாகவே காட்டப்படுகிறது. அவரது பிழை பிழையாக எடைபோடப்படவில்லை. திருந்தவேண்டியவள் அவள் மட்டுமே என்பதுபோல் கதை நகர்கிறது. மாணவியர் இல்லத்துத் தலைவி டேனியெலும் அவளது தோழியரும் கேலிச்சித்திரங்களாகவே நின்றுவிடுகின்றனர். எள்ளலால் எழும் நகை எளிதில் இளைத்தவரை எள்ளுவதாகச் சரியும் என்பதற்கு அக்காட்சிகள் சான்று.

தமிழ்த் திரையின் இரு ஒப்பீடுகள்

சாவும் மீளலும் சுழலும் கதைகளைத் தமிழ்த் திரையும் அண்மைக் காலத்தில் கையாண்டுள்ளது. அவற்றுள் இரண்டு இவ்வாய்வுக்கு நேரடித் தொடர்புடையவை.

அஸ்வின் சரவணன் இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் உருவான 'கேம் ஓவர்' (2019) படத்தின் தலைவி சொப்னா, பழைய வன்முறை ஒன்றன் நினைவால் சிதைந்தவள். அந்நிகழ்வின் ஆண்டு நிறைவு நெருங்குகையில் உடலும் உள்ளமும் நடுங்குபவள். முகமூடியணிந்த கொலைகாரர் வீட்டை வளைக்க, அவள் மூன்று உயிர்களுடன் போராடுகிறாள். புற்றுநோயை வென்று வாழ்ந்து பின் கொலையுண்ட மற்றொரு பெண்ணின் சாம்பல் கலந்த மையால் குத்தப்பட்ட பச்சையே அவ்வுயிர்களின் குறியீடு. முகமூடி, ஆண்டு நிறைவு நாள், இழந்த பெண்ணொருத்தியின் நினைவு, உயிர்களின் எண்ணிக்கை எனப் 'ஹேப்பி டெத் டே'யின் கூறுகள் பல இங்கும் உள்ளன. ஆயின் 'கேம் ஓவர்' நகைக்கு இடந்தரவில்லை. அச்சத்திலிருந்து நேரே பெருமிதத்துக்குச் செல்கிறது. மெய்ப்பாட்டு வரிசை மாறியதால், ஒத்த கூறுகளும் வேறு படைப்பைத் தருகின்றன.

வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) இதற்கு மறுதலை. அப்துல் காலிக் சாகும்போதெல்லாம் விமானத்தில் விழிக்கிறான். முதலமைச்சரின் கொலையையும் அதைத் தொடரவிருக்கும் மதக் கலவரத்தையும் தடுக்க முயல்கிறான். இங்கு நகையின் பெரும்பங்கு எதிர்நாயகனான காவல் அதிகாரி தனுஷ்கோடிக்கு வழங்கப்படுகிறது. தானும் சுழலில் சிக்கி, தன் சதி ஒவ்வொரு முறையும் முறிவதைக் கண்டு அவன் கொள்ளும் சலிப்பும் வெகுளியும் அரங்கைச் சிரிக்கவைத்தன. ட்ரீயிடம் ஒருத்திக்குள்ளேயே நிகழ்ந்த அச்சமும் நகையும் 'மாநாடு' படத்தில் இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. ஒரு மகளின் இழவைச் சுற்றிச் சுழன்ற காலம் அங்கு ஒரு சமூகம் தன் உயிர்களை இழக்கவிருக்கும் ஆபத்தைச் சுற்றிச் சுழல்கிறது. காலச்சுழல் என்னும் வடிவம் அகத்துக்கும் புறத்துக்கும் ஒப்ப இடங்கொடுப்பது என்பதை இவ்விரு படங்களும் அமெரிக்கப் படத்துடன் சேர்த்துக் காணும்போது தெளிவாகிறது.

முடிவுரை

மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு வகுக்கப்பட்டது. ஒரு மெய்ப்பாடு எவ்வாறு தோன்றும் என்பதை அது நுட்பமாக வரையறுக்கிறது. ஒரு மெய்ப்பாடு கால ஓட்டத்தில் மற்றொன்றாக மாறும் இயக்கத்தை விரித்துரைப்பது அதன் நோக்கமன்று. அணுக்கத்திலிருந்து பிறக்கும் அச்சமும் அதன் நான்கு நிலைக்களன்களில் அடங்கவில்லை. இவை கருவியின் எல்லைகள். ஆயினும், அச்ச நகைச்சுவை என இரு சொற்களில் சுட்டப்படும் ஒரு படத்தின் அடியில் இழவு என்னும் மூன்றாவது நிலைக்களன் இருப்பதைக் கண்டறிய அக்கருவியே உதவிற்று.

தொடக்கத்தில் எழுப்பப்பட்ட வினாக்களுக்கு இனி விடை கூறலாம். சாவு மீண்டும் மீண்டும் நிகழ்வதால் அச்சம் தேய்ந்து நகையாகிறது. அந்நகை தகுமா எனின், அது எதை நோக்கி இட்டுச் செல்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். ட்ரீயின் சாவுகளைக் கண்டு எழுந்த சிரிப்பு, தாயின் சாவை ஏற்கவியலாத மகளின் அழுகைக்குப் பார்வையாளரை அழைத்துச் செல்லும் வழியாக அமைந்தது. சிரித்தவர்களே மருத்துவமனைக் காட்சியில் அமைதியாயினர், உணவுமேசையில் நெகிழ்ந்தனர், மீளாச் சாவை முன்னோட்டத்திலேயே மறுத்தனர். அவ்வளவில் அந்நகை தகும்.

இறுதியில் கார்ட்டர், ட்ரீக்கு நேர்ந்தது 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தை நினைவூட்டுவதாகக் கூற, அப்படத்தைத் தான் அறிந்ததில்லை என்கிறாள் அவள். அவ்வசனத்துக்கும் அரங்கு சிரிக்கிறது. பேதைமை பற்றிப் பிறந்த நகை என அதனை வகைப்படுத்தலாம். ஆனால் அதில் மற்றோர் உண்மையும் உண்டு. துயரத்தின் சுழலில் சிக்கிய எவரும் அதற்கு முன்மாதிரி இருப்பதை அறிந்து அதில் நுழைவதில்லை. ஒவ்வொருவரும் தம் நாளைத் தாமே கடக்கவேண்டியிருக்கிறது. ட்ரீ கடந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை. சிறப்பு எதுவுமற்ற அந்நாளை அவள் அத்துணை மகிழ்வுடன் வரவேற்பதே இப்படம் தரும் உவகை.